வாக்கு மாறிய மாவட்டம்: அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் அரசியற் போக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதிபர் தேர்தல் நடந்து முடிந்ததும் செய்தித்தாள்கள் ஒரு நாட்டுப்படத்தை வெளியிடுவது வழக்கம். குடியரசுக் கட்சி வென்ற மாநிலங்கள் சிவப்பாகவும், ஜனநாயகக் கட்சி வென்றவை நீலமாகவும் அதில் தீட்டப்பட்டிருக்கும். இரு கடற்கரைகளிலும் நீலம் மிகுந்திருக்கும். நடுவே விரிந்து கிடக்கும் சமவெளியில் சிவப்பே மேலோங்கி நிற்கும். இப்படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடுமேற்கு நாட்டின் சிற்றூர் மக்கள் பிறக்கும்போதே ஒரு கட்சியின் முத்திரையோடு பிறக்கின்றனர் என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடும். அவ்வெண்ணம் பிழையென்று காட்ட அங்குள்ள ஒரு சிறு மாவட்டமே போதும்.

அயோவா மாநிலத்தின் வடகிழக்கில், மின்னசோட்டா மாநில எல்லையை ஒட்டி, ஹோவர்ட் என்னும் மாவட்டம் இருக்கிறது. அந்நாட்டார் இதனைக் 'கவுண்டி' என்பர். அயோவாவில் இத்தகைய கவுண்டிகள் 99 உண்டு. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஹோவர்ட் மாவட்டத்தின் மக்கள் தொகை 9,500-க்கும் சற்றுக் குறைவு. தலைமை ஊராகிய கிரெஸ்கோவில் வாழ்வோர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். எண்ணிக்கையால் நோக்கின் இதனை ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் 2016-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் நாடெங்குமிருந்து செய்தியாளர்கள் இவ்வூரைத் தேடி வந்தனர்.

காரணம் இதுதான். 2012-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தார் பராக் ஒபாமாவுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகளை அளித்தனர். எதிர்த்து நின்ற மிட் ரோம்னிக்கு 39 விழுக்காடே கிடைத்தது. நான்கே ஆண்டுகள் கழித்து அதே மாவட்டம் டோனல்ட் டிரம்புக்கு 57 விழுக்காடும் ஹில்லரி கிளிண்டனுக்கு 37 விழுக்காடும் அளித்தது. முன்னது ஒரு கட்சிக்கு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட முன்னிலை. பின்னது எதிர்க்கட்சிக்கு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட முன்னிலை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகளைக் கொண்ட அந்நாட்டில் இவ்வாறு இரு பக்கமும் 20 விழுக்காட்டைத் தாண்டிய முன்னிலையோடு திரும்பியது இஃது ஒன்றுதான். அயோவாவில் மட்டும், ஒபாமாவை இருமுறை ஆதரித்துப் பின் டிரம்பை ஆதரித்த கவுண்டிகள் 31 இருந்தன. ஆகவே ஹோவர்ட் மாவட்டம் விதிவிலக்கன்று. ஒரு பெரும் போக்கின் உச்சி என்றே கொள்ளவேண்டும்.

குடியேறியோரும் கோயில்களும்

இம்மாவட்டத்தின் வயல்களிற் பெரும்பாலும் விளைவன மக்காச்சோளமும் சோயா அவரையும். பன்றி வளர்ப்பும் பால்மாடும் உண்டு. கிரெஸ்கோவில் இழுவண்டி செய்யும் தொழிற்சாலையும், இயந்திரங்களுக்குரிய வடிகட்டிகள் முதலியவற்றைச் செய்யும் ஆலையும் இருக்கின்றன. ஆதலின் இவ்வூரார் எல்லாரும் உழவர் என்று எண்ணிவிடக் கூடாது. இன்று அமெரிக்கச் சிற்றூர்களில் நிலத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் சிலவே. கணவன் உழுதால் மனைவி மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஆலையிலோ வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வேலையின் வழியாகக் கிடைக்கும் மருத்துவக் காப்புறுதிக்காகவே அவள் வேலைக்குச் செல்லும் வீடுகளும் பல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் வந்து குடியேறியோர் நார்வேஜியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், செக் மக்கள் ஆகியோர். மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள புரோடிவின் என்னும் சிற்றூர், பொஹீமியாவிலுள்ள அதே பெயருடைய ஊரை நினைந்து செக் மக்கள் இட்ட பெயர் கொண்டது. அண்டை மாவட்டத்துச் செக் குடியிருப்பாகிய ஸ்பில்வில்லில்தான் இசைமேதை துவோர்ஷாக் 1893-ஆம் ஆண்டுக் கோடையைக் கழித்தார். ஐரிஷ்காரரும் செக் மக்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர். நார்வேஜியர் லூத்தரன் சபையினர். ஜெர்மானியரில் இருசாராரும் இருந்தனர்.

இவ்வேறுபாடு வெறும் வழிபாட்டு வேறுபாடாக நின்றுவிடவில்லை. வாக்குச் சாவடிக்கும் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அயோவா குடியரசுக் கட்சியின் கோட்டையாக விளங்கியது. அக்கட்சியினர் மதுவிலக்கைச் சட்டமாக்கினர். பீர் குடிப்பதைப் பாவமாகக் கருதாத ஜெர்மானியருக்கும் செக் மக்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இது பொறுக்கவில்லை. அதன் விளைவாக 1889-ஆம் ஆண்டில் ஹொரேஸ் பொயிஸ் என்னும் ஜனநாயகக் கட்சியினர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1891-இலும் வென்றார். பொருளாதாரக் கொள்கையைவிட ஒரு குவளை பீர் வலிமையுடையதாக இருந்த காலம் அது என்று நகையாடலாம். ஆனால் உண்மை சற்று ஆழமானது. தம் வாழ்க்கை முறையை எங்கோ இருப்போர் திருத்த முற்படுகின்றனர் என்ற எண்ணம் எழுந்த இடத்தில் சிற்றூர் வாக்காளர் கட்சிப் பற்றை உதறத் தயங்கியதில்லை. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொண்டால் பிற்காலத் திருப்பங்களும் விளங்கும்.

இருமுறை திரும்பிய உழவர்

ஹெர்பர்ட் ஹூவர் அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பிறந்து அதிபரானோரில் அவரே முதல்வர். எனினும் 1932-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் தம் மண்ணின் மைந்தரைக் கைவிட்டு நியூயார்க்கைச் சேர்ந்த பிராங்க்ளின் ரூசவெல்ட்டுக்கு வாக்களித்தனர். சோளத்தின் விலை வீழ்ந்து, அதனை விற்று நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பிலிட்டு எரிப்பது மலிவு என்ற நிலை வந்திருந்தது. அவ்வாண்டு உழவர்கள் சந்தைக்குச் செல்லும் சாலைகளை மறித்தனர். பாலைத் தரையிற் கொட்டினர். 1933 ஏப்ரலில் லெமார்ஸ் என்னும் ஊரில், கடனுக்காக நிலங்களை ஏலத்துக்கு விடும் வழக்குகளை விசாரித்த நீதிபதியை அவர்கள் மன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்திற் கயிறு மாட்டி மிரட்டினர். படைகள் வந்தே அமைதி ஏற்பட்டது. பொறுமைக்குப் பெயர்போன உழவர் செய்த செயல் இது.

கட்சி மாற்றம் குடும்பங்களுக்குள்ளேயே நிகழ்ந்ததற்கு வாலஸ் குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு. தந்தை ஹென்றி சி. வாலஸ் குடியரசுக் கட்சி ஆட்சியில் வேளாண் அமைச்சர். மகன் ஹென்றி ஏ. வாலஸ் கலப்பினச் சோள விதையைப் பரப்பியவர். 1933-இல் ரூசவெல்ட்டின் வேளாண் அமைச்சராகி, பின் 1941 முதல் 1945 வரை துணை அதிபராகவும் இருந்தார். ஒரே குடும்பம், ஒரே மண், ஒரே அமைச்சுப் பதவி. கட்சி மட்டும் வேறு.

இரண்டாம் திருப்பம் 1980-களில் நேர்ந்தது. 1980 சனவரியில் அதிபர் கார்ட்டர், ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்துச் சோவியத் நாட்டுக்குத் தானியம் அனுப்புவதைத் தடை செய்தார். உழவர்கள் சினந்து ரேகனை ஆதரித்தனர். ஆனால் ரேகன் ஆட்சியிலும் வட்டி ஏறியே நின்றது. நிலத்தின் விலையோ சரிந்தது. 1981-க்கும் 1986-க்கும் இடையில் அயோவா விளைநிலத்தின் சராசரி விலை ஏறத்தாழ 63 விழுக்காடு வீழ்ந்தது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கியோர் நிலை என்னவாகும்? நிலம் முழுவதையும் விற்றாலும் கடன் தீராது. நான்கு தலைமுறையாக உழுத பண்ணைகள் ஏலம் போயின. 1988-ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் மைக்கல் டுகாக்கிஸ் நாடெங்கும் தோற்றபோதிலும் அயோவாவில் ஏறத்தாழ 10 விழுக்காடு முன்னிலையில் வென்றார். அந்த ஆண்டு தொடங்கி 2012 வரை நடந்த ஏழு அதிபர் தேர்தல்களிலும் ஹோவர்ட் மாவட்டம் ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்றது.

இளந்தலைமுறையினர் 2016-ஐ மட்டும் அறிந்திருப்பதால் அதனை வரலாற்றிற் காணாத அதிசயமாகப் பேசுகின்றனர். விளைபொருளின் விலையும் கடனும் ஒருங்கே நெருக்கியபோதெல்லாம் இம்மண் ஆட்சியிலிருப்போரைத் தண்டித்திருக்கிறது. 2016-இல் நிகழ்ந்தது அவ்வகையில் மூன்றாம் திருப்பம். ஆனால் முந்தைய இரண்டுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

நீண்ட வாக்குச்சீட்டு

மலேசியாவில் வாக்காளர் நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டும் சட்டமன்றத்துக்கு ஒரு சீட்டும் பெற்றுக் குறியிடுவர். அமெரிக்கச் சிற்றூர் வாக்காளரின் சீட்டோ ஒரு பட்டியல். அதிபர், மேலவை உறுப்பினர், கீழவை உறுப்பினர், ஆளுநர், மாநில மன்ற உறுப்பினர், மாவட்டக் குழுவினர், காவல் தலைவராகிய ஷெரீப், மாவட்டக் கணக்கர், பொருளாளர் என அது நீளும். எல்லாப் பதவிக்கும் ஒரே ஆண்டில் தேர்தல் வருவதில்லை எனினும், ஒருமுறை சாவடிக்குச் சென்றால் பத்துப் பன்னிரண்டு இடங்களிற் குறியிட நேரும். நீதிபதிகள் பதவியில் நீடிக்கலாமா என்பதும் கேட்கப்படும். ஒருபாலார் மணத்தை ஏற்று 2009-இல் தீர்ப்பளித்த அயோவா உச்ச நீதிமன்றத்தினரில், 2010-ஆம் ஆண்டுச் சீட்டில் இடம்பெற்றிருந்த மூவரையும் வாக்காளர் நீக்கினர்.

இந்நீண்ட சீட்டினால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஒரே வாக்காளர் மேலே ஒரு கட்சிக்கும் கீழே வேறு கட்சிக்கும் குறியிடலாம். அயோவா மக்கள் இதில் கைதேர்ந்தவர்கள். சக் கிராஸ்லி என்னும் குடியரசுக் கட்சியினர் 1981-இல் மேலவைக்குச் சென்றார். டாம் ஹார்கின் என்னும் ஜனநாயகக் கட்சியினர் 1985-இல் சென்றார். கொள்கையில் இருவரும் இரு துருவம். ஆயினும் 2015-இல் ஹார்கின் ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகள் இருவரையும் மாநிலத்தார் மாறி மாறித் தேர்ந்தெடுத்து அனுப்பினர். இதனை முரண்பாடு என்று நகர்ப்புறத்தார் எள்ளுவதுண்டு. முரண்பாடன்று. இருவரும் உழவர் நலத்தை அறிந்தவர்; ஊருக்கு வந்து முகம் காட்டியவர். கிராஸ்லி ஆண்டுதோறும் 99 கவுண்டிகளுக்கும் செல்வதை விரதம்போல் கடைப்பிடித்தவர். கட்சியின் பெயரை அன்று, ஆளைப் பார்த்துக் குறியிடும் பழக்கம் சிற்றூரில் நிலைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

அதிபர் வேட்பாளரையும் அவ்வாறே நேரிற் பார்த்து எடைபோடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. 1972 முதல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் பணி அயோவாவிலேயே முதலில் தொடங்கிற்று. 'காகஸ்' எனப்படும் அக்கூட்டங்கள் குளிர்காலத்து இரவில் பள்ளிக்கூடத்திலும் நூல்நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் நடக்கும். அக்கட்சியினர் நெடுங்காலம் இரகசிய வாக்கைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வேட்பாளரை ஆதரிப்போரும் மண்டபத்தின் ஒவ்வொரு மூலையில் சென்று நிற்பர், தலைகளை எண்ணுவர். பொதுவாக 15 விழுக்காடு ஆதரவு பெறாத வேட்பாளரின் அணி கலைந்துவிடும். அவ்வணியினரை மற்ற மூலையினர் வாதாடித் தம்பால் இழுப்பர். 2008 சனவரி 3-ஆம் நாள் நடந்த காகஸில் ஒபாமா முதலிடம் பெற்றார். ஹில்லரி கிளிண்டன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து 2016-இல் அவர் பெர்னி சாண்டர்சை வென்றது மயிரிழை வேறுபாட்டில்தான். பொதுத் தேர்தலில் அயோவா அவரைக் கைவிட்டபோது வியந்தவர்கள் இந்த முன்வரலாற்றை மறந்துவிட்டனர்.

நிறமா, வயிறா, கல்வியா?

இனி 2016-இன் காரணத்தை ஆராயலாம். நிறவெறியே காரணம் என்பார் ஒருசாரார். ஹோவர்ட் மாவட்டத்தார் பெரும்பாலும் வெள்ளையர் என்பது மெய்யே. ஆனால் அதே வெள்ளையர்தாம் ஒரு கறுப்பின வேட்பாளரை இருமுறை பெருவாரியாக ஆதரித்தனர். அப்படியாயின் அங்கு நிறப் பாகுபாடு இல்லை என்று கூறலாமா? அதுவும் இயலாது. இம்மாவட்டத்தின் மேற்கெல்லையில் ரைஸ்வில் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அவ்வூர்த் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த ஜேன் எலியட், தம் மாணவரைக் கண்ணின் நிறத்தால் இருபிரிவாக்கினார். ஒரு பிரிவினரை உயர்ந்தோர் என்றும் மறுபிரிவினரைத் தாழ்ந்தோர் என்றும் நடத்தினார். பின்னர் அதனைத் தலைகீழாக மாற்றினார். தாழ்த்தப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்திலேயே குன்றிப்போனதையும், உயர்த்தப்பட்டவர்கள் செருக்குற்றதையும் அவர் கண்டார். இப்பாடம் தொலைக்காட்சி வழியாக உலகப்புகழ் பெற்றது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்திருக்கத்தக்க நிகழ்ச்சி அது. குழந்தைகளை அவ்வாறு நடத்தலாமா என்ற வினா இன்றும் தீரவில்லை. சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது புகழைவிடப் பகையே மிகுதி. ஒரே வட்டாரத்தில் இப்பகையும் இருந்தது. நாற்பதாண்டுக்குப் பின் ஒபாமாவுக்கு வாக்கும் இருந்தது. ஒற்றைச் சொல்லால் ஒரு சமூகத்தை அளக்கமுடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வறுமையே காரணம் என்பார் மற்றொரு சாரார். இதுவும் முழுமையாகப் பொருந்தாது. 2016-இல் விளைபொருள் விலை சில ஆண்டுகளுக்கு முன்பிருந்த உச்சத்திலிருந்து இறங்கியிருந்தது உண்மை. ஆனால் 1932-ஐயோ 1985-ஐயோ ஒத்த பேரிடர் எதுவும் அப்போது இல்லை.

கல்வி வேறுபாட்டைச் சுட்டுவோர் கூற்றில் வலுவுண்டு. ஹோவர்டுக்குக் கிழக்கே அடுத்திருப்பது வின்னஷீக் மாவட்டம். அதன் தலைமை ஊராகிய டெக்கோராவில், நார்வேஜிய லூத்தரன் சபையினர் 1861-இல் நிறுவிய லூதர் கல்லூரி இருக்கிறது. மண் ஒன்று, மழை ஒன்று, குடியேறியோர் வழியும் ஏறத்தாழ ஒன்று. 2016-இல் ஹோவர்டில் டிரம்ப் 20 விழுக்காட்டு முன்னிலை பெற்றபோது வின்னஷீக்கில் அவர் பெற்ற முன்னிலை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கல்லூரிப் பட்டம் பெற்றோர் ஹோவர்டில் நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவு. பட்டம் பெற்றோர் ஒரு கட்சிக்கும் பெறாதோர் மறு கட்சிக்கும் பிரிந்து நிற்பது இன்றைய அமெரிக்க அரசியலின் முதன்மையான பிளவு. இதனைக் கொண்டு கற்றோர் சரியாகவும் கல்லாதோர் பிழையாகவும் வாக்களிக்கின்றனர் என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. பட்டம் பெற்ற பிள்ளைகள் ஊரைவிட்டுச் சென்று திரும்பாமையே இப்பிளவின் வேர். ஊர்ப்பணத்தில் பள்ளி நடத்தி, நன்கு படித்த பிள்ளையை மினியாபொலிசுக்கும் சிக்காகோவுக்கும் அனுப்பிவிட்டு, மூடிய கடைகளைப் பார்த்திருப்போரின் மனத்தாங்கல் அது.

கிரெஸ்கோ மக்கள் பெருமையோடு நினைவுகூரும் மகனும் வெளியே சென்றவரே. இவ்வூருக்கு அருகில் 1914-இல் பிறந்து, ஓராசிரியர் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்று, கிரெஸ்கோ உயர்நிலைப்பள்ளியில் தேறியவர் நார்மன் போர்லாக். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமை இந்தியாவின் பஞ்சத்தைத் தணித்தது. கும்பகோணத்துப் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அப்பணியில் அவருக்கு உறுதுணை. 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அப்பெருமகன் ஆய்வு செய்தது மெக்சிகோ நாட்டில்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. மாவட்டம் மாறியது என்றால் மனிதர் அனைவரும் மாறினர் என்று பொருளல்ல. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் அடுத்த ஆண்டு குறைந்துவிட்டால், ஒவ்வொரு மாணவரும் பின்தங்கினார் என்று எந்த ஆசிரியரும் கூறமாட்டார். சிலர் பள்ளியை விட்டுச் சென்றிருக்கலாம், புதியவர் வந்திருக்கலாம், சிலர் மட்டுமே தவறியிருக்கலாம். ஹோவர்டில் பதிவாகும் வாக்குகள் நாலாயிரத்து ஐந்நூறு அளவே. ஒபாமாவின் வாக்குக்கும் கிளிண்டனின் வாக்குக்கும் இடையில் குறைந்தது ஆயிரத்துக்குச் சற்று மேல். ஒரு தெருவில் நான்கு வாக்காளருக்கு ஒருவர் மனம் மாறினாலே நாடு வியக்கும் திருப்பம் ஏற்பட்டுவிடும். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 78,000 வாக்கு முன்னிலையால் 2016-இல் அதிபர் பதவியே கைமாறியதை நோக்கினால், சிற்றூரின் இந்த ஆயிரங்களுக்குரிய எடை விளங்கும்.

மாறியோரை ஈர்த்தது எது? 2008-இல் ஒபாமா வாஷிங்டனுக்குப் புதியவர். மாற்றம் என்பதையே முழக்கமாகக் கொண்டவர். 2012-இல் ரோம்னி, ஆலைகளை வாங்கி விற்கும் முதலாளியாகச் சித்திரிக்கப்பட்டார். 2016-இல் கிளிண்டன் கால் நூற்றாண்டு தலைநகரிற் பழகியவர்; டிரம்ப் ஒருநாளும் அரசுப் பதவி வகிக்காதவர். தொலைவிலுள்ள தலைநகரை உலுக்கப் போகிறவர் யார் என்ற ஒரே வினாவுக்கு மூன்று தேர்தலிலும் விடை தேடிய வாக்காளருக்கு, தாம் மாறியதாகவே தோன்றியிராது.

திரும்பாத வாக்கு

முன்னே குறித்த வேறுபாடு இனி வருகிறது. பழைய திருப்பங்களில், ஆதரித்தவர் கைகொடுக்கவில்லையானால் உழவர் மீண்டும் திரும்பினர். இம்முறை அவ்வாறு நிகழவில்லை.

2018-இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது வரி விதித்தது. சீனா பதிலுக்கு அமெரிக்கச் சோயா அவரைமீது 25 விழுக்காடு வரி விதித்தது. அயோவாவின் தலையாய ஏற்றுமதிப் பொருளே அடிபட்டது. சோயா எண்ணெயின் விலை அசைந்தால் செம்பனை எண்ணெயின் விலையும் அசையும். ஆதலின் அயோவா உழவர் எப்படி வாக்களிக்கிறார் என்பது மலேசியத் தோட்டப்புறத்துக்கும் முற்றிலும் அயலான செய்தியன்று. இழப்பை ஈடுசெய்ய அமெரிக்க அரசு 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளில் 2,800 கோடி டாலர் அளவுக்கு உதவித் திட்டங்களை அறிவித்தது. 2018-இல் வடகிழக்கு அயோவாவின் கீழவைத் தொகுதியை ஜனநாயகக் கட்சி கைப்பற்றியபோது பழைய ஊசல் திரும்புகிறது என்று பலர் கருதினர். 2020-இல் அத்தொகுதி மீண்டும் குடியரசுக் கட்சிக்குச் சென்றது. ஹோவர்ட் மாவட்டத்தில் டிரம்பின் பங்கு 2020-இல் 60 விழுக்காட்டைத் தாண்டிற்று. 2024-இல் மேலும் கூடியது.

உதவித்தொகை மட்டும் இதனை விளக்காது. மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி என்று குறியிடும் பழக்கமே தேய்ந்துவருகிறது. ஒரே குறியால் ஒரு கட்சியின் பட்டியல் முழுவதையும் தெரிந்தெடுக்கும் வசதியை அயோவா 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. ஆயினும் வாக்காளர் பலர் தம் கையாலேயே ஒவ்வொன்றாக ஒரே கட்சிக்குக் குறியிட்டு வருகின்றனர். ஹார்கினும் கிராஸ்லியும் ஒருங்கே வென்ற காலம் போய், மேலவையின் இரு இடங்களும் 2015 முதல் ஒரே கட்சியிடம் சென்றன.

இதற்கு ஒரு காரணம் செய்தி வரும் வழி மாறியதே. முன்பு சிற்றூரார் படித்தது வட்டார வாரத்தாள். பாலம் பழுதடைந்ததும், பள்ளிக் குழுவில் வாதம் நிகழ்ந்ததும், நிதானமாக எழுதும் ஆசிரியவுரையும் அதில் வரும். மேற்கு அயோவாவின் ஸ்டார்ம் லேக் என்னும் ஊரில், மூவாயிரம் படிகளே விற்கும் தாளை நடத்திய ஆர்ட் கல்லன், ஆற்றுநீரை மாசுபடுத்தும் வேளாண் நிறுவனங்களின் செல்வாக்கை எதிர்த்து எழுதிய ஆசிரியவுரைகளுக்காக 2017-இல் புலிட்சர் பரிசு பெற்றார். அத்தகைய தாள்கள் நாடெங்கும் மெலிந்தும் மூடியும் வருகின்றன. அவ்விடத்தைத் தேசியத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிரப்பிவிட்டன. நியூயார்க்கிலிருந்து வரும் சண்டை நாள் முழுதும் வீட்டுக்குள் ஒலிக்கும்போது, ஊர்ச் செய்தியைக் கொண்டு வேட்பாளரை எடைபோடுவது யாங்ஙனம்?

கட்சிகளும் குற்றத்துக்குத் தப்பமுடியாது. 2020 காகஸில் ஜனநாயகக் கட்சியின் முடிவுகள் குளறுபடியால் நாட்கணக்கில் தாமதித்தன. அதன்பின் அக்கட்சி 2024-ஆம் ஆண்டுக்குரிய வரிசையில் அயோவாவை முதலிடத்திலிருந்து நீக்கி, தெரிவை அஞ்சல்வழி நடத்தியது. வரிசையை மாற்ற வேறு நியாயங்கள் இருந்தன. அயோவா நாட்டின் பல இன மக்களைப் பிரதிபலிக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் குளிர்கால இரவில் பள்ளி மண்டபத்தில் அண்டை வீட்டாரோடு நின்று வாதாடிய மக்களுக்கு அக்கட்சி வரும் பாதை அத்தோடு அடைபட்டது. வாராத விருந்தினருக்கு யார் இலை போடுவார்?

ஊசல் முற்றும் நின்றுவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2025 சனவரியில் கிழக்கு அயோவாவில் மாநில மேலவைக்கான இடைத்தேர்தல் ஒன்று நடந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் டிரம்ப் 20 விழுக்காட்டுக்கு மேல் முன்னிலை பெற்ற அத்தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் வென்றார். ஆகஸ்டில் மேற்கெல்லையிலுள்ள சூ சிட்டிப் பகுதியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. குறைந்த பேரே வாக்களிக்கும் இடைத்தேர்தலைக் கொண்டு பொதுத் தேர்தலைக் கணிப்பது துணிச்சலே எனினும், கதவு தாழிடப்படவில்லை என்பது தெரிகிறது.

கட்சிப் பெயரே இல்லாத தேர்தலும் அங்கு உண்டு. பள்ளிக் குழுவுக்கும் நகர் மன்றத்துக்கும் ஒற்றைப்படை ஆண்டுகளில் நவம்பர் மாதத்தில் வாக்கெடுப்பு நடக்கும். 2019 முதல் இரண்டும் ஒரே நாளில் நடக்கின்றன. சீட்டில் வேட்பாளரின் பெயர் மட்டும் இருக்கும். புதிய பள்ளிக் கட்டடத்துக்காகக் கடன் வாங்குவதாயின் அதனையும் வாக்காளரிடமே கேட்கவேண்டும். அயோவாச் சட்டப்படி அதற்குப் பாதிக்கு மேல் போதாது; நூற்றுக்கு 60 பேர் இசையவேண்டும். டிரம்புக்கு வாக்களித்த உழவரும் கிளிண்டனுக்கு வாக்களித்த ஆசிரியரும் சேர்ந்தாலன்றி அந்த 60 வாராது. கூரை ஒழுகும் வகுப்பறைக்காக அவர்கள் வீடு வீடாகச் சென்று அண்டை அயலாரிடம் இன்றும் வாக்குக் கேட்கின்றனர்.